ஷூ வாங்குவதற்கு முன், ஓடும் விதத்தை மாற்றுவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரையில் ஓடத் தொடங்குபவர்களுக்கு

போலீஸ் உடற்தகுதித் தேர்வுக்காக நான் ஓட ஆரம்பித்தது உச்சிப்புளி பக்கத்து ரோட்டில். ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் இடது பாத எலும்பில் விரிசலோடு கட்டிலில் கிடந்தேன். உடன் ஓடிய பையன்கள் மைதானத்துக்குப் போன அன்று, நான் வாசல் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஷூ 8,999 ரூபாய். பாதத்தை ஸ்கேன் செய்தது இலவசம், அந்த ஸ்கேனைக் காட்டி விற்ற இன்சோல் 1,400. அப்புறம் வெறுங்கால் மாதிரி இருக்கும் மெல்லிய ஷூ 2,600. எக்ஸ்ரே 400, மதுரையில் எம்.ஆர்.ஐ. 6,500. ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே மாதத்தில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பேச்சை நம்பியிருக்கிறேன். கடையில், "தம்பி, உங்களுக்குத் தட்டைப் பாதம், சப்போர்ட் ஷூ போடலேன்னா முழங்கால் போயிரும்" என்றார்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்த வீடியோவில், கெடுப்பதே ஷூதான், குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் ஓடு என்றார்கள். இரண்டு பேருமே "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்றுதான் சொன்னார்கள்.

கட்டிலில் கிடந்த நாளில்தான் அந்த அறிவியலை நானே எடுத்துப் படித்தேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. படிக்கத் தெரிந்த வழியை மட்டும் வரிசையாகத் தருகிறேன். இதற்கு இருபது ரூபாய்க்கு வாங்கிய எழுதும் நோட்டு ஒன்றும் இரண்டு சாயங்காலமும் போதும்.

1. கடைக்குப் போகும் முன் நோட்டைத் திறங்கள்

முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை: வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள், எந்தத் தரையில் (தார் ரோடு, மண் ரோடு, கடற்கரை), வலி இருந்தால் எங்கே, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, உங்கள் தேர்வோ போட்டியோ எந்தத் தேதி. எல்லாவற்றையும்விட முக்கியம், கடந்த 30 நாளில் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பது. இந்த எண்ணைக் கட்டம் போட்டு வையுங்கள். 7-ஆம் படியில் தேவைப்படும்.

நான் இதை எழுதியது எல்லாம் முடிந்த பிறகு, போனில் இருந்த பழைய பதிவுகளைப் பார்த்து. அதுவரை அதிகபட்சம் 3 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் "அரியமான் வரைக்கும் போயிட்டு வருவோம் மாப்ள" என்றார்கள். 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டேன். மறுநாள் ஷின் பெயின். அதாவது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரம் விண்விண் என்று தெறித்தது. பழியைத் தூக்கிப் பழைய ஷூ மேல் போட்டேன். நோட்டு அன்றைக்கே கையில் இருந்திருந்தால் 8,999 ரூபாய் மிச்சம்.

2. உங்களிடம் சொல்லப்பட்டதை ஒரே வரியாக எழுதுங்கள்

"இந்த ஷூ முழங்காலுக்கு நல்லது." இதில் 'நல்லது' என்றால் என்ன? போட்டால் சுகமாக இருக்கிறதா, தரையில் கால் படும்போது அதிர்ச்சி குறைகிறதா, போட்டவர்களில் அடிபட்டவர்கள் எண்ணிக்கை குறைந்ததா? மூன்றும் வேறு வேறு. கடையிலும் வீடியோவிலும் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி. நமக்கு வேண்டியது மூன்றாவது.

என்னைக் கவிழ்த்த வீடியோவையே எடுத்துக்கொள்கிறேன். 2010-இல் 'நேச்சர்' இதழில் டேனியல் லீபர்மன் குழு வெளியிட்ட ஆய்வை அதில் காட்டினார்கள். சிறு வயதிலிருந்து வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள், ஷூ போட்டுக் குதிகாலை ஊன்றுபவர்களுக்குத் தரையிலிருந்து சட்டென்று வரும் அந்த இடி அவர்களுக்கு வருவதில்லை என்று காட்டிய ஆய்வு அது. நல்ல ஆய்வுதான். ஆனால் அளந்தது இடியை. யாருக்கு அடிபட்டது என்று அதில் எண்ணவில்லை. 'இடி குறைந்தால் காயம் குறையும்' என்பது வீடியோக்காரர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்தது.

2013-இல் கென்யாவின் வடக்குப் பகுதியில் வாழும் டாசனாச் என்ற இன மக்களில் 38 பேரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவர்களும் வெறுங்காலிலேயே வளர்ந்தவர்கள். தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடும்போது 72 சதவீதம் குதிகாலில்தான் ஊன்றினார்கள். ஆக, 'வெறுங்கால்காரர் எல்லோரும் இப்படித்தான் ஓடுவார்கள்' என்பதே ஆட்டம் காண்கிறது. (என் தாத்தா பனையேறி, ஆயுசுக்கும் செருப்புப் போடாதவர். நீங்கள் எப்படி ஓடுவீர்கள் என்று கேட்டேன். "எதுக்குடா ஓடணும், யாரு விரட்டுனா?" என்றார்.)

3. ஆய்வைக் காசு கொடுக்காமல் எடுங்கள்

மருத்துவ ஆய்வுகளைத் தேடும் 'பப்மெட்' என்ற தளம் இலவசம். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். ஓட்டம், காயம், ஷூ என்ற மூன்று சொல்லோடு 'ரேண்டமைஸ்டு' (யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தது) என்பதையும் சேர்த்து அடியுங்கள். முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டச் சொல்ல இடது பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தட்டுங்கள். பதிப்பாளர் தளத்துக்குப் போனால் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஆய்வாளரின் மின்னஞ்சல் கட்டுரையின் முகப்பிலேயே பெரும்பாலும் இருக்கும். நான் இரண்டே வரி எழுதினேன், மூன்றாம் நாள் முழுக் கட்டுரையையும் அனுப்பி வைத்தார்கள்.

சுருக்கம் மட்டும் கிடைத்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி. நோக்கம், முறை, முடிவு, கருத்து என்று நான்கு துண்டாக இருக்கும். கடைசித் துண்டை முதலில் படிக்காதீர்கள். அதில் ஆய்வாளர் தன் ஆசையையும் கலந்திருப்பார். எண்கள் இருக்கும் துண்டைப் படித்து, நீங்களே ஒரு வரி எழுதி, அப்புறம் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு ஒரு தடவை "ஓட்டப்பந்தய வீரர்கள் ஆறு மாத விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர்" என்று வந்தது. ஏதோ கேஸ் போல என்று நினைத்தேன். சோதனை என்ற பொருளில் வந்த 'ட்ரையல்' என்பதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஆங்கில வாத்தியார் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

4. தராசில் வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம். ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: இந்த ஷூவை, இந்த ஓடும் விதத்தை யார் தேர்ந்தெடுத்தது? ஓடுபவரே தேர்ந்தெடுத்தாரா, சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்களா?

2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஓட்ட அணியில் 52 பேரின் பழைய காயப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். குதிகாலில் ஊன்றுபவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஓடுவதால் வரும் காயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் யாரையும் இப்படி ஊன்று, அப்படி ஊன்று என்று குலுக்கிப் பிரிக்கவில்லை. அவரவர் இயல்பாக ஓடியபடி ஓடினார்கள். முன்பாதக்காரர்கள் வேறு எந்தெந்த வகையில் வேறுபட்டவர்கள் என்பது நமக்குத் தெரியாது. குதிகாலில் ஓடிய ஒருவரை முன்பாதத்துக்கு மாற்றினால் காயம் குறையுமா என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது.

லக்ஸம்பர்கில் 264 பேரை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வும் இதே மாதிரி. ஒரே ஷூவில் ஓடியவர்களைவிட, இரண்டு மூன்று ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. உடனே இரண்டாவது ஷூ வாங்கக் கிளம்பாதீர்கள். நம் பக்கம் இரண்டு வள்ளம் வைத்திருப்பவர் வீட்டில் கருவாடு அதிகமாகக் காயும். அது இரண்டாவது வள்ளம் பிடித்த மீனா, இருபது வருசம் கடலுக்குப் போன கை பிடித்த மீனா? இரண்டு ஷூ வைத்திருப்பவர் பெரும்பாலும் பழகிய ஓட்டக்காரர். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழிக்கப் பார்ப்பார்கள், ஆனால் முழுக்கக் கழித்துவிட முடியாது.

அடுத்தது, சதவீதத்தைத் தலைக்கணக்காக மாற்றுங்கள். 2018-இல் புதிதாக ஓட வந்த 320 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு டிரெட்மில்லில் மெதுவாகத் தரையிறங்கப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் காயம் '62 சதவீதம் குறைவு' என்று சொல்லப்படும் ஆய்வு அது. தலைக்கணக்கில், பயிற்சி இல்லாதவர்களில் 100-க்கு 38 பேர், பயிற்சி எடுத்தவர்களில் 100-க்கு 16 பேர். இது உண்மையிலேயே பெரிய வித்தியாசம், குலுக்கலும் நடந்திருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் படித்தால், பயிற்சி எடுத்தவர்களுக்குக் கெண்டைக்கால் பிடிப்பும் குதிகால் தசைநார் வலியும் கூடுதலாக வந்திருக்கின்றன. அந்தப் பயிற்சியும் ஆய்வுக்கூடத்தில், திரையில் அதிர்ச்சியைப் பார்த்துக்கொண்டே எட்டு முறை நடந்த பயிற்சி. 'மெதுவா ஊன்றுங்க' என்று வீடியோவில் சொல்வதும் அதுவும் ஒன்றல்ல.

மூன்றாவது, காசு யார் கொடுத்தது. இதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இதை வைத்து மட்டும் தூக்கி எறியக் கூடாது. மெத்தென்ற அடிப்பாகமா, கெட்டியான அடிப்பாகமா என்று பார்த்த லக்ஸம்பர்க் ஆய்வுகளுக்கு ஷூ கொடுத்தது ஷூ தயாரிக்கும் நிறுவனம். ஆனால் வெளியே ஒரே மாதிரி தெரியும் ஷூக்களைக் குலுக்கிக் கொடுத்தார்கள். எது எது என்று ஓடியவர்களுக்கும் தெரியாது. முதல் ஆய்வில், 2014-இல், 247 பேரிடம் வித்தியாசமே இல்லை. அதே குழு 2020-இல் 848 பேரை வைத்து மறுபடி பார்த்தபோது, கெட்டி ஷூக்காரர்களுக்குக் காயம் கூடுதல், அதிலும் மெத்தையால் அதிகம் பயன் பெற்றது எடை குறைந்தவர்கள். கனமான ஆளுக்குத்தான் மெத்தை வேண்டும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர். ஒரே குழு, ஒரே கேள்வி, இரண்டு பதில். யாராவது ஒரே ஓர் ஆய்வைக் காட்டி "நிரூபிச்சாச்சு" என்று சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த ஆய்வில் ஓடியவர்கள் உங்களைப் போன்றவர்களா? நான் படித்தவை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் நடந்தவை. ராணுவப் பயிற்சிக்கு வந்தவர்கள் நிறைய. மே மாதம் காலை எட்டு மணிக்கே தார் ரோடு கொதிக்கும் ஊரிலும், கருவேல முள் கிடக்கும் மண்ணிலும் யாரும் ஷூவைக் குலுக்கிக் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஆய்வை நிறுத்திவிட்டு அனுபவத்தைக் கேட்க வேண்டியதுதான்.

5. ஷூ வாங்கும் நாள்

2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, ஷூவும் காயமும் பற்றிய 12 சோதனைகளைச் சேர்த்து எடை போட்டது. மொத்தம் 11,240 பேர். இந்த வகை ஷூ அந்த வகையைவிடக் காயத்தைக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்பதுதான் சாரம். ஷூ அட்டையில் எழுதியிருக்கும் வாசகங்களை அளக்க இந்த ஒன்றே பெரும்பாலும் போதும்.

தட்டைப் பாதம் கதைக்கு வருகிறேன், எனக்கு 10,399 ரூபாய் ஆன கதை அது. அமெரிக்க ராணுவத்தின் மூன்று பிரிவுகளில், பயிற்சிக்கு வந்த ஒரு கூட்டத்துக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்குப் பாதத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை. மொத்தம் 7,000 பேருக்கும் மேல். காயத்தில் வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் 927 புது ஓட்டக்காரர்களுக்கு ஒரே சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். பாதம் உட்பக்கம் சாய்பவர்களுக்குக் காயம் கூடவில்லை. ஆனால் 2016-இல் 372 பேரிடம் நடந்த சோதனையில், சாய்வைத் தடுக்கும் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது, அதுவும் முக்கியமாகப் பாதம் சாய்பவர்களுக்கு. ஆகவே கடையில் சொன்னது முழுப் பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. 'போடலேன்னா முழங்கால் போயிரும்' என்றதுதான் பொய்.

இனி வாங்கும் முறை. 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் பாருங்கள். காலையில் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டு போங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். 'போகப் போகப் பழகிரும்' என்று சொல்லும் ஷூ வேண்டாம். போட்ட நிமிடமே சுகமாக இருக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள், அடிப்பாகத்தில் மண் ஒட்டினால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பெட்டி, பில், அட்டை எல்லாவற்றையும் மாற்றும் கெடு முடியும் வரை வையுங்கள். பில்லை அன்றே போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் மை ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.

நம் ஊருக்கு மட்டும் ஒன்று. அடிப்பாகத்தில் வெறும் ஸ்பான்ஞ்ச் தெரியும் ஷூ வேண்டாம், முழு ரப்பர் ஒட்டியதாகப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஸ்பான்ஞ்சில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். உப்புத் தண்ணீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் காயப் போடுங்கள்.

6. ஓடும் விதத்தை மாற்றத்தான் வேண்டுமா?

வலி இல்லாமல் ஓடுகிறீர்கள் என்றால் வேண்டாம். அடுத்த படிக்குப் போங்கள்.

முழங்கால் வலி திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றை முயன்று பார்க்கலாம், எட்டை, அதாவது எடுத்து வைக்கும் காலடியை, கொஞ்சம் குறுக்குவது. 30 விநாடியில் எத்தனை எட்டு என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதே வேகத்தில் அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகும் சுமை குறைகிறது என்று 2011-இல் 45 பேரை வைத்து அளந்தார்கள். (இதுவும் சுமைக் கணக்குதான், காயக் கணக்கு இல்லை. எனக்குப் பிடித்த ஆய்வு என்பதற்காக வேறு தராசு போடக் கூடாது இல்லையா?) நிமிடத்துக்கு 180 எட்டு என்ற பேச்சை எங்கும் கேட்பீர்கள். அது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் முன்னணி வீரர்களைப் பார்த்து எண்ணியதிலிருந்து வந்தது. பந்தய வேகத்தில் போகிறவர்களின் எண் அது. நீங்கள் 156-இல் இருந்தால் 164 போதும்.

மெல்லிய ஷூ, முன்பாத ஓட்டம் ஆகியவற்றுக்குத் தடாலென்று தாவாதீர்கள். 2013-இல் 36 பேரைப் பிரித்து, ஒரு பாதியை ஐந்து விரல் ஷூவுக்கு (விரல் விரலாகப் பிரிந்திருக்கும் மெல்லிய ஷூ) படிப்படியாக மாறச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கட்டு கூடியிருந்தது. எலும்பு திணறுகிறது என்பதன் அடையாளம் அது. அவர்கள் பத்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு சனிக்கிழமை. அந்த வகை ஷூ விற்ற விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன் பற்றிய விளம்பரங்கள் தொடர்பான வழக்கை 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே.

ஓடும் முன் உட்கார்ந்து காலை நீட்டி இழுக்கும் பயிற்சிக்கு இருபது நிமிடம் செலவழிக்கிறீர்களா? ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. அந்த நேரத்தில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்.

7. தூரத்தைக் கூட்டும் கணக்கு

கட்டம் போட்டு வைத்த எண்ணை எடுங்கள். 2025-இல் வெளிவந்த ஆய்வில், கைக்கடிகாரம் கட்டி ஓடும் 5,205 பேரை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்குக் காயம் கூடியது. இரு மடங்குக்கும் மேல் கூட்டியவர்களுக்கு வாய்ப்பும் இரு மடங்குக்கு மேல் போனது. இது குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, ஆனாலும் ஆள் எண்ணிக்கை பெரிது, எண்ணியது இடியை அல்ல, காயத்தையே. வாரக் கணக்கில் இவ்வளவுதான் கூட்ட வேண்டும் என்ற பழைய விதியைவிட இது எனக்கு உதவுகிறது. அந்த வார விதியை நெதர்லாந்தில் 532 புதியவர்களிடம் சோதித்தபோது, மெதுவாகக் கூட்டியவர்களில் 20.8 சதவீதம், மற்றவர்களில் 20.3 சதவீதம் அடிபட்டார்கள். ஒன்றும் பிரயோசனம் இல்லை.

ஆக, 3 கிலோமீட்டர் என்றால் அடுத்தது 3.3. அரியமான் அதற்கப்புறம். தூரம் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள், தரையையும் மாற்றாதீர்கள்.

கடற்கரையில் ஓடுவதற்குத் தனிக் கணக்கு. தூரத்தைப் பாதியாக்கி ஆரம்பியுங்கள், தளர்ந்த மணல் கெண்டைக்காலைப் பிழிந்துவிடும். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் ஈர மணல் கெட்டியாக இருக்கும். அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும், மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கரை சரிவாக இருப்பதால் போன தூரமே திரும்பி வாருங்கள். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். ஆடி மாதம் கச்சான் காற்றில் மண்டபம், பாம்பன் பக்கம் எதிர்காற்று ஓட்டத்தில் நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், மனசு விட்டுப் போகும். தனுஷ்கோடி ரோட்டில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும், ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

8. வலி வந்துவிட்டால்: காகிதம், காசு, நாள்

ஓட ஆரம்பித்ததும் இருந்து, உடம்பு சூடானதும் குறைந்து, மறுநாள் காலை இல்லாமல் போகும் வலி என்றால் தூரத்தைக் குறைத்து ஒரு வாரம் பாருங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் எலும்பு வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அங்கேயே சுள்ளென்றால், படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே நிறுத்துங்கள். தொடை இடுக்கில் வலி என்றால் தள்ளிப் போடவே கூடாது. தொடை எலும்புக் கழுத்தில் விரிசல் என்றால் அறுவை வரைக்கும் போகும்.

நான் மாட்டிய பொறி எக்ஸ்ரே. முதல் இரண்டு மூன்று வாரத்தில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எனக்கு ஐந்தாம் நாள் எடுத்தார்கள், "ஒண்ணும் இல்லப்பா" என்றார்கள். நான் சந்தோசமாக இன்னும் பத்து நாள் ஓடினேன். அப்புறம் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரிந்தது. எக்ஸ்ரே சுத்தமாக வந்தும் வலி அதே இடத்தில் நின்றால், ஓடாமல் இருந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கலாமா, எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே படம் (ரிப்போர்ட் மட்டும் போதாது), உங்கள் நோட்டு, ஓடிய ஷூ. ஷூவைப் பையில் போட்டுக் கொண்டு போனபோது வரிசையில் சிரித்தார்கள், பரவாயில்லை. அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் ஓ.பி. இருக்காது. எம்.ஆர்.ஐ. அங்கே வெளியைவிட மிகக் குறைவு, ஆனால் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். பாத எலும்பு விரிசல் சாதாரணமாக ஆற ஆறு முதல் எட்டு வாரம். அதற்குப் பிறகும் முதல் நாள் ஓட்டம் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடப்பதாகத்தான் இருக்க வேண்டும்.

9. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உடற்தகுதித் தேர்வுக்காக ஓடுபவர்கள் அறிவிப்பில் உள்ள தூரத்தையும் நேரத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அங்கிருந்து திரும்பி வாருங்கள். கடைசி மூன்று வாரம் புது ஷூ, புது ஓடும் விதம் இரண்டும் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு மாதம் வேகப் பயிற்சி. அதற்கும் முன்னால் இரண்டு மாதமாவது நிதானமாகத் தூரம் சேர்க்க. மொத்தம் நாலு மாதம். எழுத்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்து ஆரம்பித்தால் இது கிடைக்காது, படிக்கும்போதே வாரம் மூன்று நாள் ஓடியாக வேண்டும்.

என் தங்கை இப்போது 400 மீட்டருக்குத் தயாராகிறாள். பெண்களுக்கு இரண்டரை நிமிடம். சென்ற வாரம், "அண்ணே, கடையில கால ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கவா?" என்றாள். பார்த்துக்கொள், இலவசம்தானே, ஆனால் கடைக்குள் போகும்போது கையில் 2,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, ஜிபே பாஸ்வேர்டும் என்னிடம் இருக்கட்டும் என்றேன்.